நாற்பது படங்கள், ஏழு மெகாபைட்: தொலைபேசிப் படங்களை இணையத்துக்கு ஏற்றபடி சுருக்குவது எப்படி

மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடந்தபோது முழுவதையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்தேன். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றியதிலிருந்து தகனம் வரை எடுத்தவற்றில் நாற்பது படங்களைப் பொறுக்கி, தோட்டத்து இளைஞர்கள் தொடங்கியிருந்த இணையத்தளத்தில் அப்படியே ஏற்றினேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மெகாபைட். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்றி முடிக்க இரண்டு இரவுகள் பிடித்தன.

பதுளை மாவட்டத்துப் பசறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்காவால் அந்த முறை கூத்துக்கு வர முடியவில்லை. கடைசித் தம்பி முதன்முறையாக ரதி வேடம் கட்டியிருந்தான். அவனைப் பார்ப்பதற்காகவே தொலைபேசிக்கு ரீலோட் காசு போட்டுப் பக்கத்தைத் திறந்தாள். பன்னிரண்டு படங்கள் வந்தன; டேட்டா தீர்ந்துவிட்டது. தம்பி இருந்தது இருபத்தோராவது படத்தில்.

அதன் பிறகுதான் படங்களைச் சுருக்கக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். தவறான வழிகளில் போய்த் திரும்பி வர மூன்று வாரங்கள் ஆயின. இப்போது அதே நாற்பது படங்களும் சேர்ந்து 7 மெகாபைட். ஒரு ஜிகாபைட் டேட்டாவில் பழைய பக்கத்தை ஆறு தடவைதான் திறக்கலாம். இன்றைய பக்கத்தை 140 தடவைக்கு மேல் திறக்கலாம். மென்பொருளுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. நீங்கள் அந்த மூன்று வாரத்தை ஒரே மாலையில் கடந்துவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை: படங்கள் உள்ள தொலைபேசி, முடிந்தால் ஒரு பழைய மடிக்கணினி, மூலப் படங்களை வைக்க ஒரு பென் டிரைவ். மடிக்கணினி இல்லையென்றால் 6ஆம் படியையும் 2ஆம் படியில் கணினி கேட்கும் பகுதியையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே செய்யலாம்.

1. மூலப் படங்களை முதலில் பத்திரப்படுத்துங்கள்

எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் படங்களையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ‘மூலம்’ என்று ஒரு கோப்புறை, ‘இணையம்’ என்று இன்னொன்று. சுருக்கிய படம் எப்போதும் இரண்டாவதற்குள்தான் போக வேண்டும்.

சுருக்கிய படத்தைத் திரும்பப் பெரிதாக்க முடியாது. பிக்சல் என்பது படத்தை உருவாக்கும் சிறு புள்ளி. இணையத்துக்காக 1200 பிக்சலுக்குக் குறைத்த ஒரு படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அச்சிட்டால் 4 அங்குல அகலத்தோடு நின்றுவிடும். 4000 பிக்சல் மூலம் இருந்தால் 13 அங்குலம் வரை போகலாம். தொலைபேசியில் இடம் போதவில்லை என்று மூலத்தின் மேலேயே சுருக்கிய படத்தைச் சேமிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் படங்களும் இறந்துபோன பெரியவர்களின் படங்களும் அப்படித்தான் போகின்றன.

இதே காரணத்தால் கெமராவின் அமைப்பிலேயே அளவைக் குறைத்துவிட்டுப் படம் எடுக்காதீர்கள். எடுக்கும்போது பெரிதாக எடுங்கள், ஏற்றும்போது சிறிதாக்குங்கள்.

இன்னொன்று: படங்களை உங்களிடம் ஒருவர் அனுப்புவதாக இருந்தால், வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வட்ஸ்அப் தானாகவே படத்தைச் சுருக்கும். எடுத்த திகதி, நேரம் போன்ற உள்விவரங்களையும் அகற்றிவிடும். ‘டொகியுமென்ட்’ என்ற வழியாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும்.

2. உங்கள் தொலைபேசி எந்த வடிவத்தில் சேமிக்கிறது என்று பாருங்கள்

அன்ட்ராய்ட் தொலைபேசிகள் பெரும்பாலும் ஜேபெக் என்ற கோப்பு வடிவத்தில் சேமிக்கின்றன. அப்படியானால் இந்தப் படியை ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள்தான் இங்கே நிற்க வேண்டும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7உம் அதற்குப் பின் வந்தவையும் எச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. தொலைபேசிக்குள் இடம் மிச்சப்படுத்த அது நல்ல வடிவம். ஆனால் ஐபோனுக்கு வெளியே குரோம் போன்ற பல உலாவிகளில் அது திறக்காது. நம் ஆட்கள் பெரும்பாலும் அன்ட்ராய்ட் வைத்திருப்பதால், அந்தப் படத்தை ஏற்றினால் அவர்களுக்கு வெறும் கட்டம்தான் தெரியும்.

இனி எடுக்கும் படங்களுக்கு: செட்டிங்ஸ், கெமரா, ஃபோர்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பெட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களை இது மாற்றாது என்பதைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே எடுத்தவற்றுக்கு: செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதிக்குப் போங்கள். புதிய ஐஓஎஸ்ஸில் இது ‘அப்ஸ்’ என்பதற்குள் இருக்கிறது. அதன் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மெக் ஓர் பிசி’ என்பதன் கீழ் ‘ஓட்டோமெட்டிக்’கைத் தொடுங்கள். பிறகு வயர் மூலம் கணினிக்கு மாற்றும்போது ஜேபெக்காக மாறி வரும். விண்டோஸ் கணினியில் எச்இஐசியை நேரடியாகத் திறக்கக் காசு கொடுத்து ஒரு நீட்சி வாங்கச் சொல்லும் அறிவிப்பு வரலாம். இந்த வேலைக்கு அது தேவையில்லை.

இங்கே பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள எச்இஐசி என்பதை அழித்து ஜேபிஜி (ஜேபெக் கோப்பின் பெயர் முடிவு) என்று எழுதிவிட்டால் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. அரிசிச் சாக்கில் மா என்று எழுதுவது போன்றது அது. நானும் முதல் வாரம் முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

3. அகல உயரத்தைக் குறையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டுமே செய்ய உங்களுக்கு நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள். எல்லோரும் எந்த வடிவம் நல்லது என்று கேட்கிறார்கள். வடிவம் இரண்டாவது. முதலில் பிக்சல்.

12 மெகாபிக்சல் கெமரா எடுக்கும் படம் 4000க்கு 3000 பிக்சல் அளவில் இருக்கும். அதாவது 1 கோடியே 20 இலட்சம் பிக்சல். அதை 1600க்கு 1200 ஆக்கினால் 19 இலட்சத்து 20 ஆயிரம். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. தரத்தைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவு இறங்கிவிடுகிறது. பார்ப்பவரின் தொலைபேசித் திரை பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம்தான் என்பதால், மீதியை அனுப்பினாலும் அவர் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. டேட்டாக் காசு மட்டும் போகும்.

நான் வைத்திருக்கும் அளவுகள்: பக்கத்தின் தலைப்பில் அகலமாக வரும் படம் 1600 பிக்சல், கட்டுரைக்குள் வருபவை 1200, பட்டியலில் சிறிதாகத் தெரிபவை 400. எல்லாமே நீண்ட பக்கத்தின் அளவு. மற்றப் பக்கம் விகிதப்படி தானாக அமைய விடுங்கள். இரண்டையும் நீங்களே எழுதினால் முகங்கள் நசுங்கிவிடும்.

4. வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வடிவங்கள் போதும்.

ஜேபெக்: எந்தப் பழைய தொலைபேசியிலும் திறக்கும். சந்தேகம் வந்தால் இதுவே.

வெப்பி: கூகுளின் வடிவம். அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 வீதம் சிறிதாக இருக்கும் என்பது கூகுளின் சொந்த அளவீடு. அன்ட்ராய்ட் குரோமில் எந்தத் தொல்லையும் இல்லை. ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல்தான் திறக்கும். ஐபோன் 6 அந்தப் பதிப்புக்குப் போகாது, 6எஸ் போகும். இதை எழுதக் காரணம் இருக்கிறது: நம் ஊரில் கை மாறி வந்த பழைய ஐபோன்கள் இன்னும் ஓடுகின்றன.

ஏவிஃப்: இன்னும் சிறிது. ஆனால் ஐபோனில் 2022இன் ஐஓஎஸ் 16 வேண்டும்; அதாவது ஐபோன் 8 அல்லது அதற்குப் பின் வந்தவை. பழைய கணினியில் ஒரு படத்தை மாற்றவே நெடுநேரம் எடுக்கிறது. புதியவர்கள் இப்போதைக்கு இதை விட்டுவிடலாம்.

என் முடிவு வெப்பி. பக்கத்தின் முகப்புப் படத்தை மட்டும் ஜேபெக்காக வைத்திருக்கிறேன். இணையத்தளம் அமைக்கும் வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் 2021இல் வந்த 5.8 பதிப்பு முதல் வெப்பியை நேரடியாக ஏற்றலாம்.

பிஎன்ஜி பற்றி ஒரு வார்த்தை. எழுத்துள்ள திரைப்பிடிப்புக்கும் இலச்சினைக்கும் அது சிறந்தது. புகைப்படத்தைப் பிஎன்ஜி ஆக்கினால் சிறிதாவதற்குப் பதிலாகப் பல மடங்கு பெரிதாகிவிடும்.

5. ஒரு படத்தை மாற்றிப் பாருங்கள்

ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். எஸ், கியூ, யூ, ஓ, ஓ, எஸ், எச் என்று உலாவியில் தேடினால் வரும். கூகுள் குரோம் குழுவினர் உருவாக்கியது. இதை நான் பரிந்துரைக்க இரண்டு காரணங்கள். படம் உங்கள் தொலைபேசியையோ கணினியையோ விட்டு வெளியே போவதில்லை. மாற்றம் முழுவதும் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. அதனால் ஒரு தடவை பக்கம் முழுமையாக இறங்கிவிட்டால், பிறகு சிக்னல் போனாலும் வேலை செய்யும். நகரத்துக்குப் போகும் நாளில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒருமுறை திறந்து வைத்துக்கொண்டு, வேலையைத் தோட்டத்தில் செய்யலாம்.

படத்தைத் திறந்ததும் நடுவில் ஒரு கோடு தெரியும். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மாற்றியது. வலப்பக்கப் பட்டியில் ‘ரீசைஸ்’ என்பதை இயக்கி அகலத்தில் 1200 என்று எழுதுங்கள். நிமிர்ந்த படமாக இருந்தால் உயரத்தில் எழுதுங்கள். அடுத்து ‘கம்ப்ரஸ்’ என்பதன் கீழ் வெப்பியைத் தேர்ந்தெடுங்கள். ‘குவாலிட்டி’ 75இல் தொடங்குங்கள். அடியில் புதிய கோப்பின் அளவு தெரியும். நடுக்கோட்டை இழுத்து இழுத்து முகங்களையும் எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். பிறகு தரவிறக்கப் பொத்தானை அழுத்துங்கள்.

எல்லாப் படத்துக்கும் 75 பொருந்தாது. நம் மலைநாட்டுப் படங்களில் இது நன்றாகவே தெரியும்.

தேயிலை மலை: ஒவ்வோர் இலையும் தனித்தனி நுணுக்கம். அதனால் கோப்பு எளிதில் சிறிதாகாது. எவ்வளவு அழுத்தினாலும் 300 கிலோபைட்டுக்குக் கீழே வர மறுக்கும். தரத்தை 65க்கு இறக்கிப் பாருங்கள். இலைகளின் நெருக்கத்தில் குறை கண்ணில் படாது.

மூடுபனி: இதற்கு நேர் எதிர். பனி மூடிய மலையின் படம் 60 கிலோபைட்டுக்கே வந்துவிடும். அதைப் பார்த்து மகிழ்ந்து நிறுத்திவிடாதீர்கள். மெதுவாக வெளுத்துப்போக வேண்டிய வானம் பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும். இங்கே தரத்தை 85, 88 என்று ஏற்றுங்கள். கோப்பு அப்போதும் சிறிதாகத்தான் இருக்கும்.

இரவுப் படம்: தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்த கூத்துப் படங்கள் எனக்கு அதிகம் தொல்லை தந்தவை. இருட்டில் தொலைபேசி எடுக்கும் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் நிறைந்திருக்கும். கருவி அந்தப் புள்ளிகளையும் நுணுக்கம் என்று நினைத்துக் காப்பாற்றப் பார்ப்பதால் கோப்பு பெருத்துவிடும். தொலைபேசியின் படத் திருத்தியில் ‘நொய்ஸ் ரிடக்ஷன்’ என்று ஒன்று இருந்தால் முதலில் அதைச் சிறிது இயக்குங்கள். அதிகம் இயக்கினால் வேடப் பூச்சு மெழுகுபோல் ஆகிவிடும். எமன் வேடத்தின் கறுப்புப் பூச்சில் இதை இரண்டு தடவை கெடுத்தேன்.

ஒரு படத்தைச் சுருக்கியது பிடிக்கவில்லையென்றால் மூலத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். சுருக்கியதையே திரும்பச் சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் சேதம் கூடும்.

6. நிறையப் படங்கள் இருந்தால்

ஸ்குவூஷில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான். பத்துப் படம் வரை பரவாயில்லை. நாற்பது என்றால் மடிக்கணினியில் எக்ஸ்என்கன்வேர்ட் என்ற மென்பொருளை நிறுவுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம்; விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

படங்களை இழுத்துப் போடுங்கள். ‘அக்ஷன்ஸ்’ பகுதியில் ‘ரீசைஸ்’ சேருங்கள். அதோடு உள்விவரப்படி தானாகத் திருப்பும் செயலையும் சேருங்கள். ‘அவுட்புட்’ பகுதியில் ‘இணையம்’ கோப்புறையையும் வெப்பியையும் தேர்ந்தெடுங்கள்.

தானாகத் திருப்பும் செயலை மறக்காதீர்கள். தொலைபேசியைச் சாய்த்துப் பிடித்தோமா நிமிர்த்திப் பிடித்தோமா என்பது படத்தின் உள்விவரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உள்விவரத்தை அகற்றும்போது அதுவும் போய், கூத்தின் வீரபத்திரன் படுத்துக்கொண்டு ஆடுவார். அதேபோல் நிற விவரத்தைக் காக்கும் ‘கீப் ஐசிசி புரொஃபைல்’ என்பதில் அடையாளம் இருக்கட்டும். இல்லையென்றால் ஐபோன் படங்களில் சிவப்பும் பச்சையும் மங்கிப்போகும்.

அமைப்பைச் சரிசெய்ய அரை மணி நேரம். பிறகு நாற்பது படங்களும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

7. இருப்பிடத்தை அகற்றுங்கள், பெயரை மாற்றுங்கள்

கெமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் கோப்புக்குள் இருக்கும். வீட்டு வாசலில் எடுத்த குழந்தையின் படத்தை அப்படியே ஏற்றினால் வீட்டு முகவரியைக் கொடுத்தது போலத்தான். ஸ்குவூஷ் இந்த விவரங்களை வைத்திருப்பதில்லை. எக்ஸ்என்கன்வேர்ட்டில் ‘கீப் மெட்டாடேட்டா’ என்பதன் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். திகதியும் சேர்ந்து போய்விடும் என்பதால், எப்போது எங்கே எடுத்தது என்பதைப் படத்தின் கீழே நீங்களே எழுதுங்கள்.

கோப்பின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளிக்குப் பதில் இணைகோடு போட்டு வையுங்கள். தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இணைப்பைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிகிறது. ‘காமன்’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாகிவிடும். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது இணைப்பு உடைந்துபோகிறது. தமிழைப் படவிளக்கத்தில் தாராளமாக எழுதுங்கள். படம் இறங்காதபோது அதன் இடத்தில் தெரிவதற்கென்று இருக்கும் மாற்று உரையையும் தமிழிலேயே எழுதுங்கள்.

படத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். கொழுந்து பறிக்கும் நம் பெண்களைக் கேட்காமல் படம் பிடித்துப் போகிறவர்கள் ஏராளம். நாமும் அதைச் செய்யக் கூடாது.

8. சான்றிதழும் அடையாள அட்டையும்

இதற்காகத்தான் பலர் சுருக்குவதைப் பற்றித் தேடுகிறார்கள் என்று தெரியும். புலமைப்பரிசிலுக்கோ வேலைக்கோ இணையத்தில் விண்ணப்பிக்கும்போது கோப்பு பெரிது என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

இதற்கு முறையே வேறு. வெப்பி வேண்டாம்; படிவத்தில் கேட்டபடி ஜேபெக் அல்லது பிடிஎஃப் மட்டும். சான்றிதழைப் பகல் வெளிச்சத்தில், வாசல் திண்ணையில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் பிளாஸ்டிக் உறையில் வெளிச்சம் தெறித்துப் பதிவு எண் மறைந்துவிடும். ஓரங்களை வெட்டுங்கள். நீண்ட பக்கம் 2000 பிக்சல் வரை வைத்திருங்கள். தரத்தை 80இலிருந்து ஐந்து ஐந்தாக இறக்கி, கேட்ட அளவுக்குள் வந்ததும் நிறுத்துங்கள். பிறகு பெரிதாக்கிப் பிறந்த திகதியையும் முத்திரையையும் நீங்களே வாசித்துப் பாருங்கள். உங்களால் வாசிக்க முடியாததை அலுவலரும் வாசிக்கமாட்டார்.

பெயர் தெரியாத மாற்றும் தளங்களில் தேசிய அடையாள அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ ஏற்றாதீர்கள். அங்கே படம் அவர்களுடைய கணினிக்குப் போய்த்தான் திரும்புகிறது. கொம்யூனிகேஷன் கடையில் செய்தால், வேலை முடிந்ததும் தரவிறக்கக் கோப்புறையில் இருப்பதை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதைத் தொடங்காதீர்கள். மழையில் சிக்னல் போனால் அன்றைய நாளே போய்விடும். மூன்று நாளாவது முன்னதாகக் கோப்புகளைத் தயாராக வையுங்கள்.

9. ஏற்றும் நேரம்

உங்கள் டேட்டாப் பொதியில் இரவுக்கென்று தனிப் பங்கு இருந்தால் அப்போது ஏற்றுங்கள். ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். இடையில் தொடர்பு அறுந்தால் அந்த ஐந்தை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். வினாடிக்கு 2 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்) வேகம் கிடைத்தால், சுருக்காத நாற்பது படங்களின் 160 மெகாபைட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இடையறாத சிக்னல் வேண்டும். 7 மெகாபைட்டுக்கு அரை நிமிடம்.

10. இன்னொருவரின் தொலைபேசியில் திறந்து பாருங்கள்

உங்கள் தொலைபேசி முன்பு பார்த்த படங்களைச் சேமித்து வைத்திருப்பதால் எல்லாம் வேகமாகத் திறப்பது போலத் தெரியும். அதை நம்பாதீர்கள். வீட்டில் உள்ளவற்றில் மிகப் பழைய தொலைபேசியை எடுத்து, வைஃபையை நிறுத்தி, டேட்டாவில் திறந்து கடைசிப் படம் வரை இறங்கிப் பாருங்கள். ஒரு படம் மட்டும் நின்றால் அதன் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் மூலக் கோப்பு தவறுதலாக ஏறியிருக்கும்.

நான் எல்லாவற்றையும் மாற்றி ஏற்றிய அன்று இரவு அக்காவை அழைத்தேன். இருபத்தோராவது படம் வந்துவிட்டது, நெற்றிச்சுட்டியின் கல்கூடத் தெரிகிறது என்றாள். அந்த ஒன்றை மட்டும் சுவரில் மாட்ட வேண்டும், பெரிதாகப் போட்டுத் தா என்று கேட்டாள். பென் டிரைவில் இருந்த மூலக் கோப்பை மறுநாள் ஹட்டனுக்குக் கொண்டுபோய் ஒரு ஸ்டூடியோவில் 12க்கு 8 அங்குலத்தில் அச்சிட்டு, பதுளை பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்.